கம்பெனியைப் பெரிய கம்பெனி வாங்கியதும் ஆட்கள் ஏன் கிளம்பிவிடுகிறார்கள்?

வில்லியனூர் வாசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். புதுச்சேரியில் பதிப்புச் சேவை செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு அறிவியல் இதழ்களுக்குப் பக்கம் போடுவது, காப்பி எடிட்டிங், எக்ஸ்எம்எல் வேலை (கணினி படிக்கும்படி உரைக்குக் குறியிடுவது) என்று இந்த ஊரில் பல வீடுகளுக்குச் சோறு போடும் தொழில்தான். போன வருடம் ஒரு பெரிய கம்பெனி எங்களை வாங்கியது. யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஆனாலும் எங்கள் தளத்தில் பல நாற்காலிகள் காலியாகிவிட்டன, அதிலும் போனவர்கள் எல்லோரும் நல்ல வேலைக்காரர்கள்.

ஏன் போகிறீர்கள் என்று கேட்டால் "வேறு இடத்தில் அதிகம் தருகிறார்கள்" என்பதுதான் பதில். எனக்கு அது முழுக் காரணமாகத் தெரியவில்லை. இதே ஆட்களை முன்பும் அதிகச் சம்பளம் சொல்லிக் கூப்பிட்டார்கள். அப்போது யாரும் போகவில்லையே.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய நிர்வாகத்தில் பக்கங்களை எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்றாகப் பிரிப்போம். வெறும் பத்தியாக ஓடும் பக்கம் எளிது. அட்டவணையும் படமும் வந்தால் நடுத்தரம். வரிக்கு வரி சமன்பாடு வரும் கணித இதழும், கட்டமைப்பு வாய்ப்பாடுகள் நிறைந்த வேதியியல் இதழும் கடினம். நீளமான ஒரு சமன்பாட்டை எந்த இடத்தில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது, சமக்குறிக்கு முன்னாலா கூட்டல் குறிக்கு முன்னாலா, அடைப்புக்குள் உடைக்கலாமா, ஒவ்வொரு இதழுக்கும் அதன் ஆசிரியர் குழு எதை ஏற்கும் என்பதெல்லாம் மென்பொருள் தானாகச் சொல்லிவிடாது. அது தெரிந்தவர்கள் எங்களிடம் சிலர்தான் இருந்தார்கள். கடினமான பக்கம் எல்லாம் அவர்களிடம்தான் போகும்.

புது நிர்வாகம் வந்ததும் ஒரே கணக்கு: மணிக்கு எத்தனை பக்கம். மூன்று தரம் என்பது அவர்கள் மென்பொருளில் இல்லை. அதனால் கணித இதழ் பார்க்கும் மூத்தவர் பெயர் ஒவ்வொரு வாரமும் சிவப்பில் வந்தது. நேற்றுச் சேர்ந்து நாவல் பக்கம் போடும் பையன் பெயர் பச்சையில் வந்தது. வேறு ஊரில் இருக்கும் மேலாளர் அந்தத் தாளை மட்டும்தான் பார்க்கிறார். அந்த மூத்தவர் சண்டை போடவில்லை. விளக்கம் எழுதி இரண்டு முறை மின்னஞ்சல் அனுப்பினார், "அமைப்பின்படிதான் மதிப்பீடு" என்று பதில் வந்தது. அடுத்த மாதம் ராஜினாமா கொடுத்துவிட்டார். அவருக்குப் பின்னால் அவரிடம் வேலை கற்றவர்களும் போனார்கள்.

அதனால் என் கருத்து இதுதான்: நாம் யார், நமக்கு என்ன தெரியும் என்பது பழைய இடத்தில் நாலு பேர் மனதில் இருந்தது. கம்பெனி கை மாறும்போது அது மட்டும் கை மாறுவதில்லை. மற்றவர்கள் அனுபவம் என்ன? இதே நிலையில் உள்ள கடலூர், புதுச்சேரி ஆட்கள் எழுதுங்கள்.

பாகூர்ப் பெண்

அண்ணா, நீங்கள் சொன்னது உண்மை. எங்கள் பக்கம் அதற்கும் முன்னால் ஒரு காரணம் உண்டு. புதுச்சேரியில் குறைந்த சம்பளத்துக்கு ஏன் வேலை பார்க்கிறோம்? சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால்தானே. சென்னையில் இதே வேலைக்கு அதிகம் கிடைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் இங்கே இருந்தோம்.

எங்கள் கம்பெனியை வாங்கியவர்கள் முதலில் செய்தது பஸ்ஸைக் குறைத்ததுதான். கடலூரிலிருந்து கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு வரும் வண்டி, "பயன்பாடு குறைவு" என்று நின்றது. பிறகு எங்கள் டீமைச் சென்னை அலுவலகத்தோடு சேர்த்தார்கள். வாரத்தில் சில நாள் அங்கே வரவேண்டும் என்றார்கள். இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் போவது? என்னோடு சேர்ந்து வேலையை விட்ட பெண்கள் யாரும் நல்ல வேலை கிடைத்துப் போகவில்லை. பாதிப்பேர் இன்னும் வீட்டில்தான் இருக்கிறார்கள். அவர்களையும் "தானாக ராஜினாமா செய்தவர்கள்" என்ற கணக்கில்தான் எழுதிக்கொண்டிருப்பார்கள். அதைச் சொல்லத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவனாம்பட்டினம்

விடுமுறைப் பட்டியலை விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு நவம்பர் 1 போயிற்று. 1954இல் பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை விட்டுக் கொடுத்த நாள், புதுச்சேரியில் விடுதலை நாள். இந்தியாவோடு சட்டப்படி இணைந்த நாளான ஆகஸ்ட் 16உம் போயிற்று. மாசிமகமும் போயிற்று. தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருப்பதால் அந்த ஊர்ப் பட்டியல் வந்தது. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் ஊரே கூடி நிற்கும்போது நாங்கள் மட்டும் லாகின் செய்து உட்கார்ந்திருந்தோம். ஒரு நாள் லீவு பெரிய விஷயமா என்று கேட்கலாம். லீவு எடுத்திருக்கலாம்தான். இந்த ஊரில் ஒரு கிளை இருக்கிறது என்பதே பட்டியல் போட்டவர்களுக்கு நினைவில்லை என்பதுதான் மனதில் தங்கியது.

மனிதவளம் சென்னை

நான் வாங்கும் பக்கத்தில் வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட இணைப்பு சிலவற்றில் மனிதவளப் பிரிவில் இருந்திருக்கிறேன். எங்கள் தரப்பையும் கேளுங்கள்.

பெரிய கம்பெனி ஒரே விதியை எல்லாக் கிளைக்கும் போடுவது திமிரால் அல்ல. வாடிக்கையாளர் தணிக்கைக்கு வருவார். தகவல் பாதுகாப்புச் சான்று, வருகைப் பதிவு, ஊதிய விவரம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கேட்பார். ஒரு கிளைக்கு ஒரு மாதிரி வைத்தால் மற்றக் கிளையில் கேள்வி வரும். முக்கியமான ஆட்களுக்குத் தங்கியிருப்பதற்காகத் தனி ஊக்கத்தொகையும் கொடுக்கிறோம், ஒரு வருடம் இருந்தால் இவ்வளவு என்று. இதில் நான் பார்த்த பிரச்சினை ஒன்று உண்டு, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் யார் பெயர் வர வேண்டும் என்று நாங்கள் கேட்பது விற்றவரிடமும் அவருக்கு அடுத்த நிலையில் உள்ளவர்களிடமும்தான். வில்லியனூர் வாசி சொன்ன கணித இதழ்க்காரர் மாதிரி ஆட்கள் பெயர் அதில் வருவதே இல்லை. பதவிப் பெயர் பெரியதாக இருப்பவர்கள் பெயர்தான் வரும்.

இன்னொன்று. அமெரிக்காவின் வார்ட்டன் வணிகப் பள்ளிப் பேராசிரியர் ஜே. டேனியல் கிம் என்பவர் அமெரிக்காவின் உயர்தொழில்நுட்ப ஸ்டார்ட்அப்களை வைத்து ஆய்வு செய்திருக்கிறார். வாங்கப்பட்ட கம்பெனி ஊழியர்களில் 33 சதவீதம் பேர் முதல் வருடத்திலேயே போய்விடுகிறார்கள். அதே பெரிய கம்பெனியில் வழக்கமான முறையில் வேலைக்குச் சேர்ந்தவர்களில் போவது 12 சதவீதம். அவர் சொல்லும் காரணம் எளிமையானது: மற்றவர்கள் அந்தக் கம்பெனியைத் தேடி வந்தவர்கள், இவர்கள் தேடி வரவில்லை. அமெரிக்க ஸ்டார்ட்அப் கணக்கை அப்படியே புதுச்சேரியின் சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைக்குப் பொருத்த முடியாது. ஆனால் அந்தக் காரணம் இங்கேயும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

காலாப்பட்டு ரசாயனம்

மருந்துத் தொழிற்சாலைப் பக்கம் கொஞ்சம் வேறு மாதிரி. இந்தப் பகுதியில் கை மாறுவது புதிதல்ல. பெரிய காலாப்பட்டிலும் கடலூர் சிப்காட்டிலும் ஆலை வைத்திருந்த ஷாசன், 2015இல் ஸ்ட்ரைட்ஸோடு இணைந்தது. 2018இல் மூலமருந்துத் தொழில் பிரிந்து சோலாரா என்று தனிக் கம்பெனி ஆனது. மூன்று வருட இடைவெளியில் ஒரே வாசலில் பெயர்ப்பலகை இரண்டு தடவை மாறியது. அந்தக் கம்பெனியைப் பற்றிக் குறை எதுவும் சொல்ல வரவில்லை, நான் வேலை பார்த்தது வேறு இடத்தில். பொதுவாக மருந்து ஆலை கை மாறினால் என்ன நடக்கும் என்று மட்டும் சொல்கிறேன்.

ஆபரேட்டர்கள் அவ்வளவாகப் போக மாட்டார்கள். வீடு இங்கே, நிலம் இங்கே, வேறு ஆலையும் பக்கத்தில் அதிகம் இல்லை. போகிறவர்கள் தர உறுதிப் பிரிவு, ஆய்வகம், ஒழுங்குமுறைப் பிரிவு. ஏன் என்றால், வாங்கியவர் தன் வடிவத்தில் எல்லாச் செயல்முறை ஆவணங்களையும் மாற்றி எழுதச் சொல்வார். ஒரு ஆலையில் நூற்றுக்கணக்கில் இருக்கும். ஒன்றை மாற்றினால் மாற்றத்துக்கு ஒரு படிவம், அதற்கு ஒப்புதல், பிறகு அதில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் பயிற்சி கொடுத்துக் கையெழுத்து. தினசரி பேட்ச் வேலை குறையாது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் தணிக்கையும் யாருக்காகவும் காத்திருக்காது. ராத்திரி வரை உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: தணிக்கையைச் சந்தித்த அனுபவம் இருந்தால் ஹைதராபாத்தில் உடனே வேலை கிடைக்கும். அதனால் போகிறார்கள். இதில் மதிப்பு, மரியாதை எல்லாம் அப்புறம்தான். முதல் காரணம் களைப்பு.

வில்லியனூர் வாசி

காலாப்பட்டு சார், ஒரு கேள்வி. பழைய நிர்வாகத்தில் தணிக்கைக்கு முன்னால் ராத்திரி உட்கார்ந்ததே இல்லையா?

காலாப்பட்டு ரசாயனம்

உட்கார்ந்திருக்கிறோம். இதைவிட அதிகமாகவே. அப்போது ஆலைத் தலைவரும் கூடவே உட்கார்ந்திருப்பார். எந்த ஆவணம் பலவீனம் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சரி, நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று புரிகிறது. களைப்பு மட்டும் காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏற்கெனவே நன்றாக இருந்த ஆவணத்தை எழுத்து அளவுக்கும் தலைப்பு வரிசைக்கும் திரும்ப எழுதுவது தனி வேதனை. அதை எழுதியவர் பத்து வருடம் அந்த ரியாக்டர் பக்கத்தில் நின்றவர். திருத்தச் சொல்பவர் அந்த ஆலைக்கு வந்ததே இல்லை.

முதுநகர்க்காரன்

எல்லோரும் பழைய முதலாளி காலம் பொற்காலம் என்பது போல எழுதுகிறீர்கள். நான் கை மாறிய பிறகும் இருந்தவன், இன்னும் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்.

எங்கள் பழைய முதலாளி நல்ல மனிதர், கல்யாணத்துக்கு வருவார், சாவுக்கு வருவார். ஆனால் சம்பளம் மாதத்தில் எந்தத் தேதிக்கு வரும் என்று சொல்ல முடியாது. பி.எஃப். பிடித்தார்கள், கட்டியது பல மாதம் தள்ளி. கட்டியதும் உண்மையான அடிப்படைச் சம்பளத்துக்கு இல்லை. பிரமோஷன் யாருக்கு என்றால் வீட்டுக்குப் போய் நிற்பவருக்கு. "நமக்கு என்ன தெரியும் என்பது நாலு பேர் மனதில் இருந்தது" என்கிறார் வில்லியனூர் வாசி. அந்த நாலு பேர் மனதில் இடம் கிடைக்காதவர்களும் அந்தக் கம்பெனியில் இருந்தார்கள். எனக்கு இடம் கிடைக்கவில்லை. பெரிய கம்பெனி வந்த பிறகு சம்பளம் மாதக் கடைசி நாளில் கணக்கில் விழுகிறது. பி.எஃப். பாஸ்புக்கில் மாதாமாதம் பதிவாகிறது. முதல் அப்ரைசலிலேயே கிரேடு ஏறியது, ஏனென்றால் யாருக்கும் என்னைத் தெரியாது, தாளில் இருந்த வேலையைப் பார்த்துக் கொடுத்தார்கள்.

பாகூர்ப் பெண்

முதுநகர் அண்ணா சொல்வதும் நியாயம்தான். எங்கள் இடத்திலும் பழைய மேனேஜருக்கு வேண்டியவர்கள்தான் முதலில் கிளம்பினார்கள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள்.

வில்லியனூர் வாசி

முதுநகர்க்காரன், மறுக்கவில்லை. சொல்லப்போனால் நான் சொன்னதைத்தான் நீங்கள் மறுபக்கத்திலிருந்து சொல்கிறீர்கள். கை மாறியபோது பழைய மதிப்பீடு அழிந்தது. தப்பாக மதிப்பிடப்பட்ட உங்களுக்கு அது லாபம். சரியாக மதிப்பிடப்பட்ட கணித இதழ்க்காரருக்கு அது நஷ்டம். ஆனால் உங்கள் வேலை தாளில் தெரியும் வேலை, அவர் வேலை தெரியாத வேலை. வாங்கியவர் அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருந்தால் உங்களைப் போலவே அவரும் இன்று தன் இடத்தில் இருந்திருப்பார். வந்து ஒரு வாரம் தளத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தாலே போதும், யாரிடம் எல்லோரும் எழுந்து போய்ச் சந்தேகம் கேட்கிறார்கள் என்பது தெரிந்திருக்கும்.

ஓய்வு வங்கியாளர்

வங்கிப் பக்கம் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தது. பொதுத்துறையில் இப்படி இணைந்தால் ஆட்கள் பெரிதாக ராஜினாமா செய்வதில்லை. பணிமூப்புப் பட்டியல் இருக்கிறது, சங்கம் இருக்கிறது, ஊதிய ஒப்பந்தம் எல்லா வங்கிக்கும் பொது. மேலாளர் மாறினாலும் நான் எந்த ஆண்டில் சேர்ந்தவன் என்பது மாறாது. தனியார் வங்கிகளில் அப்படி இல்லை. 1943இல் கருமுத்து தியாகராஜன் செட்டியார் தொடங்கிய மதுரா வங்கி 2001இல் ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தபோது, தென்மாவட்டக் கிராமக் கிளைகளில் தலைமுறையாக வாடிக்கையாளரை முகம் பார்த்துப் பழகியவர்கள் ஒரு பக்கம், கணினியை நம்பி வளர்ந்த புதிய வங்கி ஒரு பக்கம். இரண்டு பழக்கமும் ஒன்றுசேர்வது எளிதாக இருக்குமா?

அந்தக் காலத்தில் தனியார் வங்கியில் இருந்த நண்பர்கள் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "கடன் கொடுக்கலாமா என்று முன்பு என்னைக் கேட்பார்கள், இப்போது படிவத்தைக் கேட்கிறார்கள்."

சிப்காட் தோழர்

மனம், மதிப்பு எல்லாம் பேசியாயிற்று. இப்போது கையெழுத்தைப் பற்றிப் பேசுவோம். நான் கடலூரில் தொழிற்சங்க வேலை செய்கிறவன். கை மாறும்போது ஆட்கள் போவதில் ஒரு பகுதி, சட்டம் தெரியாமல் போகிறவர்கள்.

கம்பெனி கை மாறுவது ஒரே மாதிரி இல்லை. பங்குகளை மட்டும் வாங்கினால் உங்கள் முதலாளி சட்டப்படி அதே கம்பெனிதான், உரிமையாளர் மட்டும்தான் வேறு. உங்கள் சர்வீஸ் அப்படியே ஓடும். கம்பெனியையே இன்னொன்றோடு இணைத்தால் தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகும், நமக்குச் சென்னை அமர்வு. அந்தத் திட்டத்தில் ஊழியர்களின் சர்வீஸ் முறியாது என்று வழக்கமாகவே ஒரு பத்தி இருக்கும், வாங்கிப் படியுங்கள். மூன்றாவது, தொழிலை மட்டும் தூக்கி இன்னொரு கம்பெனிக்கு விற்பது. சிக்கல் வருவது பெரும்பாலும் இதில்தான்.

1947 தொழில் தகராறுச் சட்டத்தில் 25எஃப்எஃப் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அதே விதி இருக்கிறது. தொழில் கை மாறினால், தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவருக்கு ஆட்குறைப்பு செய்தது போலவே நோட்டீசும் இழப்பீடும் உண்டு, ஒரு வருட சர்வீசுக்கு 15 நாள் சம்பளம். புது முதலாளி மூன்று விஷயத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் அது இல்லை: சர்வீஸ் முறியக் கூடாது, நிபந்தனைகள் முன்னைவிடக் குறையக் கூடாது, பின்னால் ஆட்குறைப்பு வந்தால் பழைய சர்வீசையும் சேர்த்து இழப்பீடு தர வேண்டும்.

நடப்பது என்ன? ஒரு உறையில் இரண்டு தாள் வரும். ஒன்று பழைய கம்பெனிக்கு ராஜினாமா. இன்னொன்று புதிய கம்பெனியின் நியமன உத்தரவு, சேரும் தேதி அடுத்த மாதம் 1. "சும்மா ஒரு நடைமுறை" என்பார்கள். அந்த ராஜினாமாவில் கையெழுத்துப் போட்டால் நீங்களாக விட்டதாக ஆகிவிடும்.

வில்லியனூர் வாசி

தோழர், இழையைத் தொடங்கும்போது நான் சொல்லாத ஒன்று. எங்களுக்கும் இந்த வாரம் அப்படியே ஒரு உறை வந்திருக்கிறது. இவ்வளவு நாள் தனிக் கம்பெனியாக வைத்திருந்தார்கள், இப்போது தாய்க் கம்பெனியின் ஊழியர் பட்டியலுக்கு மாற்றுகிறார்களாம். இரண்டு தாளும் இருக்கிறது. எனக்கு ஆறு வருடம் முடிந்துவிட்டது. என் டீமில் சிலருக்கு நாலரை வருடம்தான். அவர்கள் "இப்போதே வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

மனிதவளம் சென்னை

ராஜினாமாத் தாள் வேண்டாம் என்று எழுத்தில் கேளுங்கள். மாற்றக் கடிதம் என்று ஒரே தாளாகத் தரலாம், பல இடங்களில் அப்படித்தான் செய்கிறோம். அதில் உங்கள் பழைய சேர்ந்த தேதி அச்சாகியிருக்க வேண்டும். பணிக்கொடை (கிராஜுவிட்டி), விடுப்பு இருப்பு, நோட்டீஸ் காலம் மூன்றுக்கும் அந்தத் தேதியே பொருந்தும் என்று ஒரு வரி கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவோம். கேட்காதவர்களுக்குப் பழைய படிவமே போய்விடுகிறது.

சிப்காட் தோழர்

மனிதவளம் நண்பர் சொன்னது சரி. கணக்கைப் பாருங்கள். பணிக்கொடை என்பது கடைசியாக வாங்கிய ஊதியத்தை (முக்கியமாக அடிப்படையும் பஞ்சப்படியும்) 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்குவது. 18,000 ரூபாய், ஆறு வருடம் என்றால் சுமார் 62,300. ராஜினாமாவில் கையெழுத்துப் போடுவதாக இருந்தால் அந்தத் தொகையைப் பழைய கம்பெனி கொடுத்துத் தீர்க்க வேண்டும். இல்லையென்றால் புதிய கம்பெனி அந்த சர்வீசை ஏற்பதாக எழுதித் தர வேண்டும். இரண்டும் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

நாலரை வருடத் தம்பிகளுக்கு: ராஜினாமா செய்கிறவருக்குப் பணிக்கொடை கிடைக்க ஐந்து வருடத் தொடர் சர்வீஸ் வேண்டும். ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே அந்த வருடம் முழுமை என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. புதுச்சேரியும் அந்த நீதிமன்ற எல்லைக்குள்தான். வாரம் ஐந்து நாள் வேலை என்றால் 190 நாள் என்ற கணக்கு வரும். அவர்கள் இப்போதே அவசரப்பட்டுப் போனால் கையில் வரவிருப்பதை விட்டுவிட்டுப் போகிறார்கள். சேர்ந்த தேதியை எடுத்து நாளைக் கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

வில்லியனூர் வாசி

மிக்க நன்றி. திங்கட்கிழமை எல்லோரும் சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுக்கப் போகிறோம். மாற்றக் கடிதம், பழைய தேதி, இந்த இரண்டோடு மூன்றாவதாகப் பக்கங்களின் மூன்று தரப் பிரிவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன். அது சட்டத்தில் வராது என்று தெரியும். ஆனால் இருக்கிற ஆட்களை நிறுத்தப் போவது அதுதான். நவம்பர் 1ஐயும் சேர்க்கச் சொல்லி டீமில் எல்லோரும் ஒரே குரலாகக் கேட்டார்கள், சேர்த்துவிட்டேன்.

முதுநகர்க்காரன்

நல்லது. கடிதம் கொடுத்த பிறகு பி.எஃப். தளத்திலும் ஒரு கண் வையுங்கள். மாற்றும்போது பழைய கம்பெனி விலகிய தேதியைப் போடும், புதிய கம்பெனி சேர்ந்த தேதியைப் போடும். நடுவில் நாள் விடுபட்டால் அங்கே சர்வீஸ் முறிந்தது போலத் தெரியும். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம் வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும். எங்களில் இரண்டு பேருக்கு அப்படி நடந்து, திருத்த மாதக்கணக்கில் அலைந்தார்கள். முதல் மாதப் பதிவு வந்ததுமே சர்வீஸ் விவரத்தை எடுத்துப் பார்த்துவிடுங்கள்.